எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் குழுவாகச் செல்வோர் கேட்டவை

நேபாளத்தின் கும்பு பகுதியில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து போய் வருவது பற்றி இந்த மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. ஏறக்குறைய எல்லோரும் நண்பர்களுடனோ அலுவலகத் தோழர்களுடனோ குழுவாகச் செல்ல நினைப்பவர்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் வரும் அக்டோபரில் போகிறோம். லுக்லாவிலிருந்து புறப்பட்டு லுக்லாவுக்குத் திரும்ப ஒன்பது நாள் போதும் என்கிறது ஒரு பயண நிறுவனம். இன்னொரு நிறுவனம் பன்னிரண்டு நாள் கேட்கிறது. எங்களில் பலர் ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள். ஒன்பது நாள் திட்டம் எங்களுக்குச் சரிப்படுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பன்னிரண்டு நாள் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரியில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள் உங்களுக்குப் பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் காலின் வலிமை வேறு, உயரத்துக்கு உடல் பழகுவது வேறு. நடை தொடங்கும் லுக்லாவே சுமார் 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். எனவே அந்த உயரத்துக்கு உடலை முன்கூட்டியே பழக்கிக்கொள்ள நம் மாநிலத்தில் இடமே கிடையாது. அந்தப் பழக்கம் போகும் வழியில், நாள் கணக்கில், மெதுவாகத்தான் உண்டாக வேண்டும்.

அடிவார முகாம் 5,364 மீட்டரில் உள்ளது. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையில் இருப்பதைப் போலவே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் பாதியாகிவிடுகிறது. இதை ஈடுகட்ட உடல் மூச்சை ஆழமாக்குகிறது, இதயத் துடிப்பைக் கூட்டுகிறது, நாளடைவில் இரத்தச் சிவப்பணுக்களையும் பெருக்குகிறது. இதற்கெல்லாம் நாட்கள் வேண்டும். ஆகவேதான் 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்றும் மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நல்ல திட்டத்தில் முதல் இரவு பாக்டிங்கிலும் (2,610 மீட்டர்), அடுத்த இரண்டு இரவுகள் நாம்சே பஜாரிலும் (3,440), பின்பு தெங்போச்சேயிலும் (3,860), மீண்டும் இரண்டு இரவுகள் டிங்போச்சேயிலும் (4,410), அதன்பின் லோபுச்சேயிலும் (4,910) கோரக்‌ஷெப்பிலும் (5,164) தங்குவீர்கள். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் உள்ள அந்த இரண்டாம் இரவுகளைத்தான் ஒன்பது நாள் திட்டம் முதலில் வெட்டுகிறது. ஓய்வு நாள் என்பது படுத்துக் கிடக்கும் நாளன்று; பகலில் சில நூறு மீட்டர் மேலே ஏறிச் சற்று நேரம் இருந்துவிட்டு, இரவு தூங்கப் பழைய இடத்துக்கே இறங்கி வரும் நாள். அந்த இரண்டு நாட்களை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: குழுவில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் எல்லோரும் நின்றுவிட வேண்டுமா? இவ்வளவு செலவழித்துப் போய், ஒருவருக்காக அத்தனை பேரும் திரும்புவது நியாயமா? (வாசகர், சென்னை)

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் என்னை நீண்ட விடை எழுத வைக்கிறது. ஏனென்றால் இந்த எண்ணம் குழுவில் ஒருவர் மனத்தில் இருந்தாலும் அது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் தலைவலி வந்தவர் வாய் திறக்க மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். லோபுச்சேயில் ஒரு மாலை, லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் யாக் சாண வரட்டி எரியும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்களில் மிகவும் திடமானவர் என்று பெயர் வாங்கிய நண்பர், பூண்டு சூப்பில் கரண்டியை வைக்கப் போனபோது அது கிண்ணத்துக்கு வெளியே மேசையில் இடித்தது. நாங்கள் சிரித்தோம். எங்கள் வழிகாட்டி சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து, தரைப் பலகைகளின் இணைப்புக் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்தபடி அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியிலேயே நண்பர் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். தலைவலியோடும் வாந்தியோடும் இப்படித் தள்ளாட்டம் சேர்ந்தால், அது மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம். விடியும்வரை காத்திருந்தால் உயிரே போகலாம்.

இரவு எட்டு மணிக்குத் தலைவிளக்குகளை மாட்டிக்கொண்டு வழிகாட்டியும், சுமை தூக்கி வந்த இளைஞர் ஒருவரும், நானும் அவரைத் தாங்கியபடி இறங்கினோம். மலையேற்றத்தில் உயிர்நீத்தவர்களுக்காக எழுப்பிய கற்குவியல்கள் நிற்கும் துக்லா மேட்டைக் கடந்து, பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கம் பருவ காலங்களில் நடத்தும் மருத்துவ நிலையத்தை அடைய நெடுநேரம் ஆயிற்று. அறுநூறு மீட்டர் அளவுக்கு இறங்கியதும், அங்கே கொடுத்த ஆக்சிஜனும் மருந்தும் சேர்ந்து அவரைக் காப்பாற்றின. மறுநாள் காலை கஞ்சி குடித்தபடி அவர் சொன்னார்: “நாம்சேயை விட்டுக் கிளம்பினதிலிருந்தே தலைவலிதான். என்னால உங்க எல்லாருக்கும் பயணம் கெட்டுடக் கூடாதுன்னு சொல்லல.”

ஆறு பேர் பக்கத்தில் படுத்து, ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிட்டு, நான்கு நாட்களாக ஒன்றாக நடந்தும் எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று. அவர் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் கண்டும், ‘சாப்பாடு பிடிக்கவில்லை போலும்’ என்று விட்டுவிட்டோம். அந்தக் குறை அவருடையதைவிட எங்களுடையது என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். லேசான தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதை மலை நோய் என்றே கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர் அன்று மேலே ஏறக் கூடாது. அதே உயரத்தில் தங்கி, ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்து, ஓரிரு நாளில் தெளிந்தால் ஏறலாம். கூடினால் இறங்கியே ஆக வேண்டும். தள்ளாட்டமோ குழப்பமான பேச்சோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதோ தெரிந்தால், பகல் இரவு பார்க்காமல் உடனே இறக்க வேண்டும். எந்த நிலையிலும் அவரைத் தனியாக இறங்கவோ, தனியாக லாட்ஜில் கிடக்கவோ விடக் கூடாது.

எல்லோரும் திரும்ப வேண்டிய அவசியம் வராமல் இருக்க, எட்டுப் பேருக்கு ஒரே வழிகாட்டி என்று வரும் நிறுவனத்தை ஏற்காதீர்கள். தலைமை வழிகாட்டியோடு துணை வழிகாட்டியும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவர் நோயாளியோடு இறங்குவார், மற்றவர் குழுவோடு இருப்பார். எங்கள் குழுவில் துணை வழிகாட்டி இருந்ததால்தான் மீதி நான்கு பேர் முகாமைப் பார்த்து வந்தார்கள். இன்னொன்று, ஒவ்வொரு நாளும் இரவு உணவின்போது, ‘இன்று யாருக்கு என்ன செய்கிறது’ என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லோரும் நல்லா இருக்கீங்களா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் தலையாட்டுவார்கள். நடக்கும்போது மிக மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு, அவர் வேகத்துக்கு மற்றவர்கள் நடக்கட்டும்.

கேள்வி: டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்கிறார்களே? (வாசகி, மதுரை)

தொல்லையே இருக்காது என்பது சரியன்று, குறையும். அசெட்டசோலமைடு என்ற இந்த மருந்து மூச்சைத் தூண்டி, உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்துகிறது. முன்தடுப்பாக 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை கொடுப்பது வழக்கம் என்றாலும், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கட்டாயம் அதை முன்னரே சொல்ல வேண்டும். விரல் நுனிகள் மரத்துக் குறுகுறுப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிவதும் இதனால் நேர்பவை, பயப்பட வேண்டாம். மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஓய்வு நாளைக் குறைப்பதுதான் தவறு.

கேள்வி: அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்ட் முழுவதுமாகத் தெரியுமா? (வாசகர், திருச்சி)

தெரியாது. எவரெஸ்டின் மேற்குத் தோளும் நுப்ட்சே சிகரமும் உச்சியை மறைத்துவிடுகின்றன. அங்கே கண்ணுக்கு முன்னால் இருப்பது கும்பு பனியாறு. நின்று கேட்டால் அதற்குள் பனி விரிசலிடும் ஓசையும் கேட்கும். உச்சியைப் பார்க்க வேண்டுமானால் மறுநாள் விடியுமுன் கோரக்‌ஷெப்பிலிருந்து காலா பத்தர் மேட்டில், சுமார் 5,550 மீட்டர் வரை ஏற வேண்டும். இந்த நடையில் உடலை மிகவும் சோதிக்கும் ஏற்றம் அதுதான். குழுவில் யாருக்காவது முந்தின இரவு உடல்நிலை சரியில்லை என்றால் அவர் அதை விட்டுவிடலாம். கீழே தெங்போச்சே மடாலயத்தின் முற்றத்திலிருந்தே வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்டும் அமா தப்லாமும் அழகாகத் தெரியும்.

கேள்வி: திரும்பி வருவது இறக்கம்தானே? அதற்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதாதா? (வாசகர், ஈரோடு)

ஏறும்போது எட்டு நாள் எடுத்த வழியை மூன்று நாட்களில் இறங்கிவிடலாம், இரண்டில் வேண்டாம். மூச்சு எளிதாகிவிடுவதால் கால் தானாக ஓடப் பார்க்கும். முழங்கால் நோவதும் கணுக்கால் பிசகுவதும் அப்போதுதான். புறப்படுவதற்கு முந்தின நாளே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள், இறங்கும்போது காலணியின் கயிற்றைக் கணுக்கால் அருகே இறுக்கிக் கட்டுங்கள், கைத்தடியை ஏற்றத்துக்கு வைத்ததைவிடச் சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள். இவற்றைச் செய்யாத பலர் நாம்சேயிலிருந்து ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் செங்குத்தான வளைவுகளில் பெருவிரல் நகம் கறுத்து நொண்டி வருவதைப் பார்த்திருக்கிறேன். எதிரே சுமையோடு யாக்கோ, யாக்கும் பசுவும் கலந்த ஜோப்கியோவோ வந்தால், பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரின் பக்கம் ஒட்டி நில்லுங்கள். தொங்கு பாலத்தில் அவை ஏறிவிட்டால் அவை கடக்கும்வரை காத்திருங்கள்.

லுக்லா விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவானது. மேகம் மூடினால் விமானம் இறங்காது, ஏறாது. நெரிசல் மாதங்களில் விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து அல்லாமல், நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணத்தில் உள்ள ராமேச்சாப்பிலிருந்தே பெரும்பாலும் இயங்குகின்றன. ஆகவே காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் விமானச் சீட்டைக் குறைந்தது இரண்டு நாள் தள்ளி எடுங்கள். நாள் தவறிவிடுமே என்ற பதற்றத்தில் உடல்நிலை சரியில்லாதவரையும் இழுத்துக்கொண்டு நடக்கும் குழுக்கள் உண்டு. அந்த இரண்டு நாள் அவர்களுக்கு இருந்திருந்தால் அவசியப்பட்டிருக்காது.

கேள்வி: சுமை தூக்குபவர்கள் உயரத்துக்குப் பழகியவர்கள்தானே, அவர்களைப் பற்றி நாம் தனியாகக் கவலைப்பட வேண்டுமா? (வாசகி, சேலம்)

கட்டாயம் வேண்டும், கேட்டதற்கு நன்றி. ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர், தொழிலின் பெயரன்று. சுமை தூக்க வருவோரில் பலர் கீழ்ப்பகுதிக் குன்றுகளைச் சேர்ந்த ராய், தமாங் இனத்தவர். உங்களைப் போலவே அவர்களுக்கும் 4,000 மீட்டருக்கு மேல் மலை நோய் வரும். அன்றைய கூலி போய்விடுமே என்று உங்கள் நண்பர்களைவிட அதிகமாக அதை மறைக்கவும் செய்வார்கள்.

பொதுவாக ஒருவர் இரண்டு பயணிகளின் பைகளைச் சுமப்பார். அவருடைய சொந்தப் பொருட்களையும் சேர்த்துச் சுமை 30 கிலோவைத் தாண்டக் கூடாது. எனவே உங்கள் பை 12 கிலோவுக்குள் இருக்கட்டும். நிறுவனத்தோடு பேசும்போது அவர்களுக்குக் காப்பீடு உண்டா, இரவில் கூரையுள்ள இடத்தில் தங்க ஏற்பாடு உண்டா, குளிர் உடையும் நல்ல காலணியும் கொடுக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இரவு உணவின்போது பெயர் சொல்லிக் கேட்கச் சொன்னேன் அல்லவா, அப்போது அவர்களையும் அழைத்து, வழிகாட்டியின் மூலம் நேபாளியில் கேட்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் நோயுற்றால், உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரை எப்படி இறக்குவீர்களோ அப்படியே துணையோடு இறக்கி, முழுக் கூலியையும் கொடுத்து அனுப்புங்கள்.