ஒரே டிப்தீரியா கிருமி ஒரு குழந்தையைக் கொல்கிறது, இன்னொரு குழந்தையின் தொண்டையில் சும்மா இருக்கிறது. ஏன்?

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்பதால் எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது.

டிப்தீரியாவில் உயிரை எடுப்பது நச்சு. அந்த நச்சுக்கான 'டாக்ஸ்' மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்தே இல்லை, அதற்குள் குடியேறிய ஒரு வைரஸின் சொத்து. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஃபேஜ் என்போம். சில ஃபேஜ்கள் புகுந்த இடத்தை அழிக்காமல் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு ஒட்டித் தங்கிவிடும். டாக்ஸ் சுமக்கும் ஃபேஜ் அப்படித் தங்கிய கிருமிதான் நச்சு சுரக்கும்.

1951-இல் அமெரிக்காவில் விக்டர் ஃப்ரீமன், நச்சில்லாத கிருமிகள்மேல் ஃபேஜை விட்டுப் பார்த்தார். பிழைத்தவற்றில் நச்சு சுரக்கும் கிருமிகள் இருந்தன. ஃபேஜ் மரபணுவைக் கொண்டுவந்ததா, உள்ளே தூங்கிக் கிடந்ததைத் தட்டி எழுப்பியதா என்ற சந்தேகம் 1971-இல்தான் தீர்ந்தது. ஃபேஜின் மரபணுவில் மாற்றம் விழுந்தால் நச்சும் மாறுவதை ஆய்வாளர் பாப்பன்ஹைமரின் குழுவினர் காட்டினார்கள். புரதத்தின் கட்டுமானத் துண்டான அமினோ அமிலம் ஒரே ஒன்று மாறியதால் விஷம் போன நச்சு ஒன்று, சி.ஆர்.எம்.197 என்ற பெயரில் இன்று நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான பல தடுப்பூசிகளில் இருக்கிறது.

என்னை இன்னும் வியக்க வைப்பது இந்த நச்சு சுரப்பின் சுவிட்ச். அது மட்டும் பாக்டீரியாவுடையது! இரும்புச்சத்து கிடைக்கும்வரை பாக்டீரியாவின் ஒரு புரதம் டாக்ஸ் மரபணுவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரும்பு குறைந்தால் விலகிவிடும், நச்சு ஊறத் தொடங்கும். நம் உடலோ இரும்பைப் புரதங்களுக்குள் பூட்டி வைப்பது. ஆக, தொண்டையில் கிருமிக்கு இரும்புப் பஞ்சம்தான்.

மரபணு இருந்தும் அது சிதைந்துபோய் நச்சு சுரக்காத கிருமிகளும் உண்டு. அதனால் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை மட்டும் போதாது, எலெக் சோதனையும் வேண்டும். நச்சு முறிமருந்து தோய்த்த காகிதப் பட்டையை, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் வைத்து, அதற்குக் குறுக்கே கிருமியைக் கோடாக இழுப்போம். நச்சு இருந்தால் ஓரிரு நாளில் இரண்டுக்கும் இடையே மெல்லிய வெள்ளைக் கோடு விழும்.

அப்புறம், சும்மா இருப்பதெல்லாம் நச்சில்லாத கிருமி என்று எண்ணிவிடாதீர்கள். தடுப்பூசி தரும் எதிர்ப்பு நச்சுக்கு எதிரானது. ஊசி போட்ட குழந்தை நன்றாகவே இருந்தாலும் தொண்டையில் நச்சுக் கிருமி இருக்கலாம், ஊசி போடாத குழந்தைக்குப் பரவலாம். வீட்டில் ஒருவருக்கு டிப்தீரியா வந்தால், தடுப்பூசி போட்டவர்களுக்கும் தொண்டைச் சளியைச் சோதித்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பது இதனால்தான்.