நாகர்கோவிலில் ஒருவர் மான்ட்பிளாங்க் 149 என்ற விலையுயர்ந்த ஜெர்மன் மைப் பேனாவை ஆயிரம் ரூபாய்க்குத் தருகிறார். அது அசலா?

அந்த விலைக்கு அசல் கிடைக்காது. போலிப் பேனா என்பது, பெயர்பெற்ற கம்பெனியின் முத்திரையை அனுமதியில்லாமல் போட்டு விற்பது. கல்யாணப் பரிசுக்கென்று ஆசையாக வாங்குகிறவர்கள் இதில் ஏமாறுவதுதான் எனக்கு வருத்தம்.

வித்தியாசம் முக்கியமாக நிப்பில். இப்போது வரும் அசல் 149-இல் 18 காரட் தங்க நிப். கம்பெனிப் பெயருக்கு மூலமான ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரம் 4810 மீட்டர் உயரம் என்பதால், 4810 என்ற எண் அதில் பொறித்திருக்கும். தங்கத்தை மை அரிக்காது. தாளில் உரசும் முனையில் மட்டும் சீக்கிரம் தேயாத கடினமான வேறு உலோகம். போலியில் பெரும்பாலும் முலாம் பூசிய ஸ்டீல்தான். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பொறிப்பு மழுங்கியிருக்கும், நடுப்பிளவு சாய்ந்திருக்கும். அதனால்தான் தாளைக் கீறும், மை விட்டுவிட்டு வரும்.

அசல் 149-இன் பின்குமிழைத் திருகினால் பிஸ்டன் நேராக மையை உறிஞ்சும். உள்ளே கன்வெர்ட்டர், அதாவது கழற்றி மாட்டும் சிறு மைக்குழாய், இருந்தால் அது 149 இல்லை.

மார்த்தாண்டம் தேனும் சர்க்கரைப் பாகும் பாட்டிலில் ஒன்றுபோலத்தான் தெரியும், நாக்கில் பட்டால்தான் குட்டு வெளிப்படும். பேனாவையும் எழுதிப் பாருங்கள்.

கனமாக இருந்தால் அசல் என்று பலர் நினைக்கிறார்கள். அசலின் உடல் ரெசின் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக், பல போலிகளில் உள்ளே பித்தளைக் குழாய் இருப்பதால் அவைதான் கூடுதல் கனம்.