பழைய பேருந்தில் கியர் பாக்ஸ் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று நாமே பார்க்க முடியுமா? டிப் ஸ்டிக்கே காணோமே?

டிப் ஸ்டிக் இருக்காது, தேடாதீர்கள். இன்ஜினுக்குத்தான் குச்சி. கியர் பாக்ஸுக்கு உங்கள் விரல்தான்.

ஓடி முடித்த ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "கீழே ஒழுகாத வரைக்கும் கியர் ஆயிலைத் தொட வேண்டாம்" என்று மெக்கானிக் சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் டிரைவர். கியர் பாக்ஸ் போனால் ஆயில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. "யாரு ஓட்டுனது?" என்பதுதான் முதல் கேள்வி.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் பள்ளம், அதாவது பிட், உள்ள இடம் கிடைத்தால் நல்லது. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினால் அளவு தப்பாகக் காட்டும். ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது அதைவிடப் பெரிய தப்பு. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஓடி வந்த சூட்டில் பார்க்க வேண்டாம். ஆயில் பல்லிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும், கையும் சுடும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு பிளக் இருக்கும். ஆயில் ஊற்றுவதும் அளவு பார்ப்பதும் அதில்தான். அடியில் இருப்பது டிரெயின் பிளக், அதில் கை வைக்காதீர்கள். பின்னால் ஆயில் மாற்றும்போதும் பக்கத்துப் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடிப் பிளக்கைத் திறக்க வேண்டும். பக்கவாட்டுப் பிளக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால், இருந்த ஆயிலையும் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். திறக்கும் முன் டீசலில் நனைத்த துணியால் சுற்றி உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். அந்த மண் உள்ளே போனால் பேரிங்கைத்தான் தின்னும்.

துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். விரலை விட்டுக் கீழே மடக்கினால் உடனே நனைந்தால் பரவாயில்லை, கொஞ்சம் ஊற்றி விளிம்புக்குக் கொண்டுவரலாம். மடக்கியும் தட்டுப்படவில்லை என்றால் ஊற்றுவதோடு விடாதீர்கள், எங்கே போகிறது என்று பாருங்கள். பின்பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு) சேரும் இடத்து ஆயில் சீல் முதல் சந்தேகம். முன்பக்க சீல் என்றால் ஆயில் கிளட்சுக்குள் போய் கிளட்ச் வழுக்கும். அதற்காக "நிறைய இருக்கட்டும்" என்று அளவுக்கு மேல் ஊற்றுவதும் கூடாது. நுரைத்து, சூடாகி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

விரலில் ஒட்டியதையும் பாருங்கள். கந்தக வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், கியர் ஆயிலின் வாடையே அதுதான். கருகிய வாடை வந்தால் கெட்ட செய்தி. பால் அதிகம் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, மேலே உள்ள பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை இழுக்கும்.

இப்போது என் கதை. எங்கள் பள்ளி வேறு ஒரு கல்லூரியிடம் வாங்கிய பழைய லேலண்ட் அது. மே மாதம் எஃப்.சி.க்காக (தகுதிச் சான்று) பட்டறைக்குப் போய் வந்தது. பில்லில் கியர் ஆயில், பின் ஆக்ஸிலுக்கான கிரவுன் ஆயில் இரண்டும் மாற்றியதாக எழுதியிருந்தது. ஜூன் கடைசியில் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஒரு ஊளைச் சத்தம். டாப் கியர் போட்டால் அடங்கிவிடும். இந்த மாதிரிப் பெட்டிகளில் டாப் கியர் நேரடி. மற்ற கியர்களில் பளு கீழே உள்ள லே ஷாஃப்ட் வழியாகப் போய் வரும், டாப்பில் அதற்குப் பளு கிடையாது. அதனால் லே ஷாஃப்ட் பக்கம்தான் கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, நீங்க கியரை அடிச்சு அடிச்சுப் போடறீங்க. இப்பத்தான் ஆயில் மாத்தியிருக்கு" என்றார். ஆயாம்மா, கிளீனர் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை என் சொந்த ஸ்பானரோடு அடியில் போனேன். எஃப்.சி.க்காக சேஸிஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆயில் ஊற்றும் பக்கவாட்டுப் பிளக்கின் தலையில் பழைய மண் கெட்டியாக ஒட்டியிருந்தது, மண்ணுக்கு மேல் பெயின்ட், அதில் ஒரு கீறல் கூட இல்லை. டிரெயின் பிளக்கும் அப்படியே. ஸ்பானர் பட்டால் அந்த மண் நிற்குமா? நான் எதையும் தொடவில்லை. முதலில் செல்போனில் படம் எடுத்தேன், அப்புறம் இன்சார்ஜைக் கூப்பிட்டு, அவரைக் குனிய வைத்துக் காட்டிவிட்டுத்தான் திறந்தேன். விரல் முழுக்க உள்ளே போயும் ஆயில் இல்லை. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாதாரணமாக ஒட்டும் மாவு போன்ற தேய்மானம் மட்டும் இல்லை, கையில் எடுக்கும் அளவுக்குத் துண்டுகளே இருந்தன. பெட்டியை இறக்கிப் பார்த்தபோது லே ஷாஃப்ட் பேரிங் காலி. பட்டறைக்காரர் ஆயில் காசை அடுத்த பில்லில் கழித்துக்கொண்டார். "சரி விடுங்கண்ணே" என்றார் இன்சார்ஜ். ஆயாம்மா முன்னால் சொன்னதை ஆயாம்மா முன்னாலேயே வாபஸ் வாங்கியிருக்கலாம்.

எல்லாப் பட்டறையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் வேலை செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். டிரைவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்லவில்லை.

எந்த ஆயில் ஊற்றுவது என்றால், கையேட்டில் போட்டிருப்பதுதான். சில பெட்டிகளுக்கு இன்ஜின் ஆயிலே சொல்லியிருப்பார்கள். கியர் ஆயில் டப்பாவில் 90 நம்பர் என்றதும் இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்காதீர்கள். அது வேறு அளவுகோல், சூட்டில் 40, 50 நம்பர் இன்ஜின் ஆயிலின் கெட்டிதான். கையேட்டில் ஜிஎல்-4 என்று கியர் ஆயிலின் தர எண் இருந்தால், கடைக்காரர் "ஜிஎல்-5 அதைவிட ஒசத்தி" என்று கொடுப்பதை வாங்காதீர்கள். ஜிஎல்-5 பின் ஆக்ஸில் கிரவுனுக்கு ஏற்றது. அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் கலவை சூட்டில், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங்கின் பித்தளையை அரிக்கலாம். பித்தளைக்குப் பாதுகாப்பான ஜிஎல்-5 ஆயிலும் உண்டு என்று யாராவது பாடம் எடுக்க வருவார்கள். உண்டு, எனக்கும் தெரியும். டப்பாவில் அப்படி எழுதியிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மே மாதம் என்றதும் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மாதம் வண்டிக்கு பெயின்ட் உண்டு, டயர் உண்டு, புது ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் உண்டு. எங்களுக்குச் சம்பளம் கிடையாது. பத்து மாதச் சம்பளம்தான். ஆனால் பள்ளிப் பேருந்துகளை அதிகாரிகள் சோதிக்கும் ஆய்வு நாளன்று வண்டியை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், வெயிலில் வரிசையில் நின்று, எமர்ஜென்சி கதவைத் திறந்து காட்ட மட்டும் போன் வரும். 2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்த பிறகு வந்த விதிகள்தான் இவையெல்லாம். வேண்டாம் என்று எந்த டிரைவரும் சொல்ல மாட்டான். அந்த வேலைக்கும் கூலி கொடுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். பிளக்கின் செப்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பிரீதர் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், பல சமயம் ஒழுகலுக்குக் காரணம் அந்த அடைப்புதான். வண்டி வழியில் நின்று கட்டி இழுக்க வேண்டி வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடாதபோது லே ஷாஃப்ட் சுற்றாது, மேலே ஆயில் அடிக்காது, மெயின் ஷாஃப்ட் வறண்டபடி சுற்றும். மாடல் என்ன, சத்தம் ஏதும் வருகிறதா, வந்தால் எந்தக் கியரில் என்று எழுதுங்கள். நியூட்ரலில் சத்தம் வந்து கிளட்சை மிதித்ததும் நின்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அது கிளட்சிலிருந்து பெட்டிக்குள் வரும் முன்பக்க டாப் ஷாஃப்ட்டின் பேரிங்காக இருக்கலாம்.