மயில்கொன்றைப் பூவும் மெரியனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பட்டாம்பூச்சிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் பூச்சிகளை வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மெரியனை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். அதைப் படித்ததிலிருந்து எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், "52 வயசுல அவங்க எதுக்கும்மா காட்டுக்குப் போனாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கறிவேப்பிலைச் செடியில் இருந்த ஒரு புழுவை டப்பாவில் போட்டு வளர்க்கவும் தொடங்கிவிட்டாள். எனக்கு அருவருப்பு, தூக்கிப் போடச் சொன்னேன். மெரியன் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அந்தப் புழுவைத் தூக்கிப் போடாதீர்கள். கறிவேப்பிலையில் வருவது பெரும்பாலும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி, இல்லையென்றால் அதன் உறவுக்காரப் பூச்சி. சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்ததும் இலைப்பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போலச் சிவந்த கொம்பு ஒன்று நீளும், ஒரு நெடியும் வரும். உங்கள் மகள் அதை இந்நேரம் பார்த்திருப்பாள்.

மெரியனும் இப்படித்தான் தொடங்கினார். 1647இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் பிறந்தவர். அப்பா செப்புத்தகட்டில் படம் செதுக்குபவர். மகளுக்கு 3 வயதானபோது இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டவரும் ஓவியர். தூரிகை பிடிக்கக் கற்றது அவரிடம்தான். 13 வயதில் பட்டுப்புழு வளர்த்தார். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இந்தப் பெண்ணோ தினமும் இலை போட்டு, தோலுரிப்பதையும் கூடு கட்டுவதையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1679இல் வந்த அவருடைய புழுப் புத்தகத்தில் புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாம் அந்தப் புழு தின்னும் செடியிலேயே இருக்கும். எந்தப் புழுவுக்கு எந்தச் செடி என்ற அந்த ஒரு விஷயத்துக்காகவே அவரைப் பெரிய அறிவியலாளர் என்பேன்.

பிறகு கணவரைப் பிரிந்தார். சில வருடம் ஒரு மதக்குழுவோடு வாழ்ந்துவிட்டு 1691இல் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார். அங்கே செல்வந்தர் வீடுகளில் தூரதேசப் பூச்சிகளைக் குத்தி வைத்த பெட்டிகளைப் பார்த்தார். அழகுதான், ஆனால் எதற்கும் முன்கதை இல்லை. எந்தப் புழுவாக இருந்தது, எதைத் தின்றது என்று சொல்ல ஆளில்லை. உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் இதுதான்: அந்த முன்கதையைத் தேடித்தான் போனார். தன் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்தார், உயில் எழுதினார், 21 வயது மகள் டொரொத்தியாவோடு 1699இல் தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமுக்குக் கப்பலேறினார்.

சூரினாம் அப்போது டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டம். சர்க்கரையைத் தவிர வேறெதையோ தேடுகிறாள் என்று தோட்ட முதலாளிகள் தன்னைக் கேலி செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். காட்டில் கோடரியால் வழி வெட்டியவர்கள் அடிமைகள். அதையும் அவர் மறைக்கவில்லை. அந்த அடிமைகளின் பெயர்களைத்தான் எழுதவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனாலும் அவருடைய சூரினாம் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்காக அவரை வணங்குகிறேன். நம் ஊரில் வேலியோரம், பள்ளிக்கூட வாசல் எங்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே மயில்கொன்றை, அதை வரைந்து பக்கத்தில் எழுதுகிறார்: டச்சு எசமானர்களிடம் வதைபடும் அடிமைப் பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாது என்று இதன் விதையைத் தின்று கருவைக் கலைக்கிறார்கள். அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னது என்கிறார். பூவை வரைய உட்கார்ந்தவர் அவர்கள் சொன்னதையும் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு என்னால் அந்தப் பூவை வெறும் பூவாகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு வருடத்தில் காய்ச்சல் வாட்டி 1701இல் திரும்பினார். 1705இல் 60 படத்தகடுகளோடு சூரினாம் புத்தகம் வந்தது. கொய்யாக் கிளையில் பெரிய சிலந்தி ஒன்று தேன்சிட்டளவுப் பறவையைக் கொன்று தின்னும் படத்தைப் பிற்காலத்தில் கட்டுக்கதை என்றார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, சிலந்தி சிறு பறவைகளைக் கொல்வதை அமேசானில் ஆங்கில இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ் பார்த்து எழுதினார். அதைப் படிக்க மெரியன் இல்லை, 1717லேயே இறந்துவிட்டார்.

சரி, டப்பாவுக்கு வருவோம். தினமும் புதுக் கொழுந்து வையுங்கள், ஒரு குச்சியும் சாய்த்து வையுங்கள். புழு அதில் ஏறிக் கூடாகும். அப்புறம் இலை வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். பூச்சி வெளியே வந்ததும் இறகு விரிந்து காயும்வரை தொடாமல் இருக்க வேண்டும். என்றைக்குப் பறந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.