துணைக்குக் கூப்பிடுங்கள்

கேள்வி: எனக்கு 20 வயது. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, முகம் தெரியாத யாரோ கொடுத்த இரத்தம்தான் அவரைக் காப்பாற்றியது. அதன் பிறகு நானும் இரண்டு முறை கொடுத்துவிட்டேன். ஆனால் நண்பர்களைக் கூப்பிட்டால், ‘ஊசி என்றாலே பயம்’, ‘உடம்பு தளர்ந்துவிடும்’ என்று நழுவுகிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுவதை விடுங்கள். ஒரே ஒருவரைப் பிடியுங்கள். அவரிடமும் ‘இரத்தம் கொடு’ என்று கேட்க வேண்டாம். ‘அடுத்த தடவை நான் போகும்போது துணைக்கு வா’ என்று மட்டும் கூப்பிடுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பதையும், ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே நீங்கள் கதை பேசுவதையும், பத்து நிமிடத்தில் பை நிறைந்துவிடுவதையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

மீதிப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கும் ஊசி என்றால் ஆகாது. 14 வயதில் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின், பிறர் கொடுத்த இரத்தத்தால் பிழைத்தவர் அவர். உங்கள் அம்மாவைப் போலத்தான். 1954-இல், 18 வயதானதும் கொடுக்கத் தொடங்கினார். 2018-இல் நிறுத்தும்போது கணக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது; அதில் பெரும்பாலும் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டும். அத்தனை தடவையும் ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்!

உடம்பு தளர்ந்துவிடும் என்பவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. எடுப்பது 350 முதல் 450 மில்லி வரை. போன நீர்ச்சத்து ஓரிரு நாளில் திரும்பிவிடும். சிவப்பணுக்கள் தேற சில வாரங்கள் ஆகும். இரண்டு தானங்களுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்வது அதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். இளம் வயதில் முதல் தடவை கொடுப்பவர்களுக்குத் தலைசுற்றல் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். எனக்கே வந்தது. காலையில் சாப்பிடாமல் போய், முடிந்ததும் சட்டென்று எழுந்துவிட்டேன். கண் இருட்டியது. கூட வந்த தோழி தோளைப் பிடித்துப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டே நிமிடத்தில் சரியாகிவிட்டது. அவள் இல்லாமல் போயிருந்தால் நான் இரண்டாம் முறை போயிருப்பேனா என்பது சந்தேகம்தான். அதனால் நண்பரை நன்றாகச் சாப்பிட வையுங்கள், கொடுப்பதற்குச் சற்று முன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். முடிந்த பிறகு அவர் மெதுவாக எழுந்து, கால் மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.

எடை குறைவு, இரத்தசோகை என்று யாரையாவது திருப்பி அனுப்பினால், அப்புறம் அவரை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அது அவர் குற்றமில்லை. வேறொருவருக்குத் துணையாக அவர் வரலாமே.

முதல் முறைக்கு இவ்வளவு கவனம் ஏன் என்றால், இரத்தத்தை நீண்ட நாள் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. சிவப்பணுக்கள் 42 நாள் வரை தாங்கும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு ஐந்து முதல் ஏழு நாள்தான். ஆர்வத்தில் ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறவரைவிட, திரும்பத் திரும்ப வருகிறவர்தான் இரத்த வங்கிக்கு வேண்டும். நண்பர் கையில் ஒட்டிய பஞ்சை எடுப்பதற்குள், அடுத்து எப்போது கொடுக்கலாம் என்று அங்கேயே கேட்டு, அந்தத் தேதியை இரண்டு பேர் போனிலும் குறித்துவிடுங்கள்.