பிரிண்டர் டிரைவர் ஏறவில்லையா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசஸர் உள்ள புது லேப்டாப் வாங்கினேன். என்னிடம் இருப்பது யுஎஸ்பி கேபிளில் மட்டும் இயங்கும் பழைய லேசர் பிரிண்டர். கம்பெனி தளத்திலிருந்து சாஃப்ட்வேரை இறக்கி நிறுவினால் கடைசிவரை ஒழுங்காகப் போகிறது. ஆனால் பிரிண்டர் பெயருக்குக் கீழே ‘டிரைவர் இஸ் அன்அவைலபிள்’ என்று காட்டுகிறது. இணையத்தில் கிடைத்த ஓர் உதவி எண்ணில் பேசியவர், பணம் கட்டினால் தொலைவிலிருந்தே சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா? இல்லை, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த எண்ணுக்கு இனி பேசவும் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஏஆர்எம் வகை பிராசஸர். பழைய பிரிண்டர் டிரைவர்கள், அதாவது பிரிண்டரோடு பேச விண்டோஸுக்குக் கற்றுத்தரும் மென்பொருள்கள், எழுதப்பட்டது இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கு. சாதாரண செயலி (ஆப்) என்றால் பிரச்சினை இல்லை. ஏஆர்எம் விண்டோஸில் ‘ப்ரிசம்’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது, பழைய செயலிகளை அப்போதைக்கப்போது பெயர்த்து ஓட்டிவிடும். நீங்கள் இறக்கிய நிறுவும் கோப்பு அப்படித்தான் ஓடியது. ஆனால் டிரைவர் தனியாக ஓடும் செயலி அல்ல. அச்சு வேலைகளை வரிசையாகப் பிரிண்டருக்கு அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலருக்குள் நுழைந்து அதன் பகுதியாகவே வேலை செய்ய வேண்டியது. ஸ்பூலர் ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டது. இன்டெல்லுக்கு எழுதிய துண்டு அதற்குள் ஏறாது. ஆக, ‘நிறுவல் முடிந்தது’ என்று திரையில் வந்ததற்குக் கோப்புகள் வட்டில் நகலாகிவிட்டன என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை.

சந்தேகம் இருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் போய் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியைப் படியுங்கள். ‘ஏஆர்எம்-பேஸ்டு பிராசஸர்’ என்று இருந்தால் நான் சொல்வதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும். லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் ‘கோபைலட் பிளஸ்’ ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களிலும் அதே ஸ்டிக்கர் இருக்கிறது.

இனி அந்த உதவி எண்காரர்கள். தேடலில் மேலே வரும் ‘பிரிண்டர் சப்போர்ட்’ விளம்பரங்களில் பல, தயாரிப்பாளருக்கும் பிரிண்டருக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள் போடுவது. உங்கள் திரையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் ஏதோ கட்டளைகளை ஓடவிட்டு, ‘வைரஸ் இருக்கிறது, டிரைவர் சிதைந்துவிட்டது’ என்பார்கள். சிதையவே இல்லை. ஏஆர்எம்முக்கென்று ஒரு டிரைவர் எழுதப்படவே இல்லை என்றால் யார் எங்கிருந்து கொண்டுவந்து போடுவது? ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ வைத்துப் பார்ப்பது, டிரைவர் நம்பகமான இடத்திலிருந்து வந்ததா என்று பார்க்கும் கையொப்பச் சோதனையை அணைப்பது, விண்டோஸை அழித்து மறுபடி போடுவது, இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பிராசஸர் மாறப்போவதில்லை. கையொப்பச் சோதனையை அணைத்தால் பாதுகாப்பு போவதுதான் மிச்சம். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்னும் இலவச அப்டேட்டர்களும் இதே ரகம். இல்லாததைத் தேடித் தருகிறேன் என்று சொல்லி வேறெதையாவது இறக்கிவிடும். ஏற்கெனவே யாருக்காவது லேப்டாப்பைத் தொலைவிலிருந்து திறந்துவிட்டிருந்தால், அவர்கள் போடச் சொன்ன செயலியை நீக்கிவிட்டு, வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

சரி, பிரிண்டருக்கு வருவோம். ‘இதற்கு டிரைவர் எங்கே கிடைக்கும்’ என்று தேடுவதை விட்டுவிட்டு, ‘இது டிரைவரே இல்லாமல் அச்சடிக்குமா’ என்று பாருங்கள். வைஃபை உள்ள பிரிண்டர் என்றால் சோதிப்பது சுலபம். தனிச் செயலி எதுவும் போடாமல் ஐபோனிலிருந்து அச்சடிக்க முடிந்தால் அதில் ஏர்பிரிண்ட் என்ற ஆப்பிளின் டிரைவரில்லா அச்சு வசதி இருக்கிறது. அது ஐபிபி என்ற பொது நெறிமுறையில் பேசுகிறது. அப்படிப்பட்டதை ஏஆர்எம் விண்டோஸும் பெரும்பாலும் தன்னிடம் இருக்கும் ஐபிபி கிளாஸ் டிரைவர் என்ற பொது டிரைவரைக் கொண்டே ஏற்றுக்கொள்ளும்.

உங்களுடையது யுஎஸ்பி மட்டும் என்பதால் இந்த வழி அநேகமாக அடைபட்டதுதான். ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைப் பொறுமையாகப் பாருங்கள். பிரிண்டரின் விவரக் குறிப்பில் ‘பிரிண்டர் லேங்குவேஜ்’ அல்லது ‘எமுலேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் பிசிஎல்6 அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொது அச்சு மொழிகளில் ஒன்று இருந்தால் நம்பிக்கை உண்டு. அலுவலகங்களுக்காகச் செய்த லேசர் பிரிண்டர்களில் இவை சகஜம். செட்டிங்ஸில் ‘பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ்’ போய், தானாகத் தேடுவதை விட்டுவிட்டு மேனுவலாகச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் கேட்கும்போது ‘யுஎஸ்பி001’ எனத் தொடங்கும் வரியைக் கொடுங்கள். அடுத்து வரும் பட்டியலில் பிரிண்டர் கம்பெனியின் பெயரைத் தேடாமல், இடப்பக்கம் மைக்ரோசாஃப்ட், வலப்பக்கம் ‘பிசிஎல்6 கிளாஸ் டிரைவர்’ அல்லது (போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு) ‘பிஎஸ் கிளாஸ் டிரைவர்’ எனத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் அவை தெரியாவிட்டால் அங்கேயே ‘விண்டோஸ் அப்டேட்’ பொத்தான் இருக்கும். அழுத்திவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். சோதனைப் பக்கம் அடிக்கும்போது டிரேயில் இரண்டு மூன்று தாள் மட்டும் வையுங்கள். மொழி பொருந்தாவிட்டால் தாளுக்கு ஒரு வரி புரியாத எழுத்தாக அடித்து, டிரேயையே காலி செய்துவிடும்.

விவரக் குறிப்பின் அந்த ‘லேங்குவேஜ்’ வரியில் ஹோஸ்ட்-பேஸ்டு, ஜிடிஐ, சிஏபிடி என்று ஏதாவது இருந்தால் முயல வேண்டாம். பக்கத்தை வரையும் வேலையைக் கணினியே செய்யட்டும் என்று விட்டுவிட்ட மலிவு மாடல்கள் இவை. எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு, ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையே கணினியிலிருந்து டிரைவர்தான் அனுப்ப வேண்டும். டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி.

அப்படியானால் பழைய இன்டெல் கணினி ஒன்றைப் பிரிண்டருக்குத் துணையாக வைத்து, பிடிஎஃப் கோப்பை அங்கே அனுப்பி அச்சடிப்பது எளிது. அந்தக் கணினியிலிருந்து பிரிண்டரை விண்டோஸ் ஷேரிங்கில் கொடுத்தால் போதுமே என்று நினைப்பீர்கள். அங்கேயும் உங்கள் லேப்டாப் தனக்கு ஏற்ற டிரைவரைத்தான் பெரும்பாலும் கேட்கும், மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் என்றால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளைப் போட்டு, பழைய பிரிண்டரை ஏர்பிரிண்ட் பிரிண்டர் போலவே காட்டலாம். 1020 மாதிரியான சில மாடல்களுக்கு லினக்ஸில் திறமூல டிரைவர் உண்டு.

2012-இல் ஏஆர்எம் பிராசஸருக்கான விண்டோஸ் ஆர்டி வந்தபோதே இதே கூத்து நடந்தது. தயாரிப்பாளர்களின் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தும்விட்டது. ஆனாலும் பிரிண்டர் பெட்டியில் வெறுமனே ‘விண்டோஸ் 11’ என்றுதான் அச்சடிக்கிறார்கள். எந்த பிராசஸரில் ஓடும் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? லேப்டாப் விற்பவரோ ‘எல்லாம் ஓடும் சார்’ என்பார்.

லேப்டாப்பைத் திருப்புவதா என்றால், தினமும் அச்சடிப்பதுதான் உங்கள் பிழைப்பு, பிரிண்டரும் ஹோஸ்ட்-பேஸ்டு, திருப்பித் தரும் கெடுவும் முடியவில்லை என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி மாடலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எப்போதாவது நாலு தாள் அடிப்பவர் என்றால் லேப்டாப் இருக்கட்டும். பிரிண்டர் மாற்றும் நாள் வரும்போது ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா (அதுவும் டிரைவரில்லா அச்சு வசதிதான்) என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள்.