மலாவி கிராமங்களுக்கு மாதம் 100 பவுண்டு: எந்த வழியில் கொடுப்பது?

கேள்வி: லண்டனில் வேலை. ஓய்வூதியப் பிடித்தம் போக ஆண்டுச் சம்பளம் 63,000 பவுண்டு. இரண்டு பிள்ளைகள், சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை) மனைவி பெயரில் வருகிறது. மலாவி கிராமங்களில் அடிபம்பு அமைத்துத் தரும் ஒரு பிரிட்டன் தொண்டு நிறுவனத்துக்கு மாதம் 100 பவுண்டு தர விரும்புகிறேன். நண்பர்கள் நால்வரும் என்னிடம் பணம் தந்து சேர்த்து அனுப்பச் சொல்கிறார்கள். எப்படிக் கொடுப்பது நல்லது?

பதில்: உங்கள் பெயரில் டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் பிடிப்பது) போடுங்கள், கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு நீங்கள் கட்டிய வரியை நிறுவனத்துக்குச் சேர்த்துத் தரும் அரசுத் திட்டம்) படிவத்தில் டிக் செய்யுங்கள். ஆண்டுக்கு நீங்கள் தரும் 1,200 பவுண்டோடு வரித்துறை 300 சேர்த்து, நிறுவனத்தின் கைக்கு 1,500 போகும். இதுவரை பலருக்கும் தெரியும். நீங்கள் 40 சதவீத வரி கட்டுபவர் என்பதால் அந்த 1,500-இல் 20 சதவீதம், அதாவது இன்னொரு 300 பவுண்டு, உங்களுக்கே திரும்ப வர வேண்டும். இது தானாக வராது, கேட்டால்தான் வரும். கேட்காமல் விட்டுவிடுபவர்கள் நிறைய.

உங்கள் விஷயத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சைல்ட் பெனிஃபிட் மனைவி பெயரில் வந்தாலும், 60,000-க்கு மேல் சம்பாதிக்கும் நீங்கள்தான் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டுகிறீர்கள்: கூடுதலான ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் 1 சதவீதம். இப்போது 15 சதவீதம் கட்டுகிறீர்கள். நன்கொடையின் 1,500 கழிந்தால் கணக்குக்குரிய வருமானம் 61,500 ஆகி, அது 7 சதவீதமாக இறங்கும். 2025-26 தொகைப்படி ஏறத்தாழ 180 பவுண்டு மிச்சம். ஆக 1,500 பவுண்டு மலாவி வேலைக்குப் போக, உங்கள் கையைக் கடிப்பது 720தான்.

செல்ஃப் அசெஸ்மென்ட் என்ற ஆண்டு வரிக் கணக்கைத் தாக்கல் செய்பவரானால் நீங்கள் கொடுத்த 1,200-ஐ மட்டும் எழுதுங்கள். 1,500 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. மீதியை வரித்துறையே சேர்த்துக்கொள்ளும். தாக்கல் செய்யாதவரானால் வரித்துறையிடம் சொல்லி, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று காட்டும் வரிக் குறியீட்டை மாற்றச் சொல்லலாம். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை கொடுத்த தேதி, தொகை, நிறுவனத்தின் பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள்.

நண்பர்கள் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி அனுப்பவே வேண்டாம். அவர்கள் பணத்துக்கு நீங்கள் கிஃப்ட் எய்ட் கையெழுத்துப் போட முடியாது. அவரவர் கணக்கிலிருந்து அவரவர் படிவத்தோடு போகட்டும். அவர்களில் யாராவது வரியில்லா வரம்புக்குள் சம்பாதித்து வரியே கட்டாதவர் என்றால் டிக் செய்யக் கூடாது. செய்தால் அந்தத் தொகையை வரித்துறை அவரிடமே வசூலிக்கும். மலாவியில் மட்டும் பதிவான அமைப்புக்கு நேரடியாக அனுப்பினாலும் சலுகை கிடையாது.

அலுவலகத்தில் சம்பளத்திலேயே பிடிக்கும் பேரோல் கிவிங் இருந்தால், வரிக்கு முன்பே பணம் போய்விடும். திரும்பக் கேட்கும் வேலை இல்லை. உங்கள் செலவு ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் அதற்கு மேல் கிஃப்ட் எய்ட் கிடையாது.

இனி நிறுவனத்தைப் பற்றி. வரியைவிட எனக்கு இதுதான் முக்கியம். மலாவியில் பரவலாக இருப்பது ஆஃப்ரிடெவ் என்ற அடிபம்பு. ஒரே ஒரு ஸ்பேனரைக் கொண்டு கிராமத்தாரே பழுதுபார்க்கும்படி வடிவமைத்தது. உள்ளே பிஸ்டனில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது தேய்ந்தால் எத்தனை தடவை அடித்தாலும் தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும். சின்ன உருப்படிதான், ஆனால் பக்கத்துச் சந்தையில் அது கிடைக்காமலோ, கிராமத் தண்ணீர்க் குழுவிடம் வாங்கப் பணம் இல்லாமலோ போனால் பம்பு நின்றுவிடும். பெண்கள் மறுபடி ஓடைக்கே நடப்பார்கள். திறப்பு விழாப் படத்தில் இது தெரியாது.

அதனால் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள். உதிரி பாகத்தை யார் விற்கிறார்கள்? குழு மாதந்தோறும் வசூல் செய்கிறதா? மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? மூன்று வருஷத்துக்கு முன் போட்டவற்றில் எத்தனை இன்று ஓடுகிறது? கடைசிக் கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்பவர்களை நம்பிக் கொடுக்கலாம். தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சேரிட்டி கமிஷனின் பதிவேட்டில் பதிவு எண்ணைப் போட்டு, ஆண்டுக் கணக்குகளை உரிய காலத்தில் தாக்கல் செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

‘ஒரு பம்புக்காக மட்டும்’ என்று நிபந்தனை வைக்காதீர்கள். வைத்தால் சீல் வாங்கவும், குழுவுக்குப் பயிற்சி தரவும், திரும்பிப் போய்ப் பார்க்கவும் அந்தப் பணத்தை எடுக்க முடியாமல் போகும். பொது நிதிக்கு என்றே டைரக்ட் டெபிட் படிவத்தில் எழுதுங்கள்.